வளவுக்குள் வரும் பொதிகள்: தி சிம்ஸ் 4 விளையாட்டுக்கு எதை வாங்கலாம்?

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில், இரவுச் சாப்பாடு முடிந்தபின் ஒரு மணிநேரம் தி சிம்ஸ் 4 விளையாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. கணினியில் வீடு கட்டி, அதில் ஒரு குடும்பத்தைக் குடியமர்த்தி, அவர்களின் அன்றாட வாழ்க்கையை நடத்திப் பார்க்கும் விளையாட்டு அது. விளையாடுபவர்கள் நானும் பத்தாம் ஆண்டு படிக்கும் என் பெறாமகளும். பக்கத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்து பார்ப்பவர் என் அம்மா. 2022 ஒக்டோபர் 18 அன்று இந்த விளையாட்டின் அடிப்படைப் பகுதி எல்லோருக்கும் இலவசமாக்கப்பட்டது. அதன் பின்னர்தான் அது எங்கள் மடிக்கணினிக்கு வந்தது. அன்றிலிருந்து, பொதி என்று தனித்தனியாக விற்கப்படும் மேலதிகச் சேர்க்கைகளில் ஏழைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம். இன்னும் சிலவற்றை வவுனியாவில் இருக்கும் மச்சாள் வீட்டுக் கணினியில் விளையாடிப் பார்த்திருக்கிறோம். வாங்கிய ஏழில் ஒன்றை நாங்கள் வாங்கியிருக்கத் தேவையில்லை என்று இப்போது தெரிகிறது. எங்கள் பகுதியில் இந்த விளையாட்டைத் தொடங்கும் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, எந்தப் பொதியை முதலில் வாங்குவது என்பதே. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்ப மனம் வராததால் இதை விரிவாக எழுதுகிறேன்.

எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் மக்சிஸ் பிரிவு 2014 செப்டெம்பரில் வெளியிட்ட இந்த விளையாட்டுக்கு நான்கு அளவுகளில் மேலதிகப் பொதிகள் விற்கப்படுகின்றன. எக்ஸ்பான்ஷன் பேக் எனப்படும் பெரிய விரிவுப் பொதி ஒன்றின் முழு விலை 39.99 டொலர். கேம் பேக் எனப்படும் நடுத்தரப் பொதி 19.99 டொலர், ஸ்டஃப் பேக் எனப்படும் சிறிய பொதி 9.99 டொலர், உடுப்போ தளபாடமோ மட்டும் அடங்கிய கிட் 4.99 டொலர். ஒரு டொலரை 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு பெரிய பொதி ஏறத்தாழ 12,000 ரூபாய். முழு விலையில் எல்லாப் பொதிகளையும் சேர்த்தால் 1000 டொலரைத் தாண்டிவிடும். வன்னியில் மாதச் சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பம் அந்தத் தொகையை ஒரு விளையாட்டுக்குச் செலவழிக்க முடியாது, செலவழிக்க வேண்டியதும் இல்லை. எனவே எதை வாங்குவது என்பதைக் காட்டிலும் எதை வாங்காமல் விடலாம் என்று தெரிந்துகொள்வதுதான் பெரிய உதவி.

காசு கொடுக்கும் முன், இலவசமாகக் கிடைப்பதை முழுமையாக விளையாடிப் பாருங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். வீடு கட்டும் பகுதி அடிப்படை விளையாட்டிலேயே நிறைவாக இருக்கிறது. தளர்நடைக் குழந்தைகள் 2017 ஜனவரியிலும், கைக்குழந்தைகள் 2023 மார்ச்சிலும் எல்லோருக்கும் இலவசமாகவே சேர்க்கப்பட்டனர். ஒரு வீட்டில் எட்டுப் பேர் வரை வாழலாம். தனி ஆளாகத் தொடங்கும் ஒருவருக்குக் கையில் 20,000 சிமோலியன், அதாவது விளையாட்டுக் காசு, இருக்கும். அதற்குள் காணி வாங்கி, கூரை போட்டு, அடுப்பும் கட்டிலும் வைத்து எழும்ப வேண்டும். நியூகிரெஸ்ட் என்றொரு பகுதியும் 2015இல் இலவசமாகத் தரப்பட்டது. அங்குள்ள 15 காணிகளும் வெறுங்காணிகள்; ஆளில்லை, வீடில்லை. 2010இல் நாங்கள் மீள்குடியேறி வந்தபோது எங்கள் காணியில் எஞ்சியிருந்தவை கிணற்றுக் கட்டும் இரண்டு தென்னைகளும் மட்டுமே. முதலில் தறப்பாள் கொட்டில், பிறகு தகரக் கொட்டில், பிறகு வீட்டுத்திட்ட வீடு, அதன் பின்னர் சொந்தக் காசில் இழுத்துக் கட்டிய குசினி என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்த எங்களுக்கு, நியூகிரெஸ்டின் வெறுங்காணிதான் இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த இடம். பெறாமகள் அங்கே கட்டிய முதல் வீட்டுக்கு முன்பக்கம் வேலியும் படலையும் வைத்தாள். வீட்டோடு ஒட்டாமல் குசினியைத் தள்ளி வைத்தாள். இவை எவற்றுக்கும் ஒரு பொதியும் தேவைப்படவில்லை.

பொதிகளைத் தெரிவு செய்வதற்கு நாங்கள் காலப்போக்கில் கண்டுகொண்ட அளவுகோல் அந்த வீட்டிலிருந்துதான் பிறந்தது. ஏற்கெனவே கட்டி, ஏற்கெனவே ஒரு குடும்பத்தைக் குடியமர்த்திய வளவுக்குள் இந்தப் பொதி வருகிறதா, அல்லது இந்தப் பொதி இருக்கும் இடத்துக்கு என் குடும்பம் பயணம் போக வேண்டுமா என்று பார்க்க வேண்டும். வளவுக்குள் வரும் பொதி ஒவ்வொரு நாளும் பயன்படுகிறது. நீங்கள் எந்த ஊரில், எந்தக் குடும்பத்தை வைத்து விளையாடினாலும் அது கூடவே இருக்கிறது. பயணம் போய்ப் பார்க்க வேண்டிய பொதி முதல் இரண்டு வாரங்களுக்குப் புதுமையாக இருந்துவிட்டுப் பிறகு மூடிக் கிடக்கிறது.

இதை நாங்கள் கற்றது சிட்டி லிவிங் என்ற பொதியால். 2016இல் வந்த அந்தப் பொதியில் சான் மைஷுனோ என்ற மாநகரமும், அடுக்குமாடி வீடுகளும், சந்திகளில் மாறி மாறி நடக்கும் திருவிழாக்களும் உண்டு. அவற்றில் ஒன்று வாசனைத் திரவியத் திருவிழா. கறிச் சாப்பாட்டுப் போட்டியும் அங்கே நடக்கும். அதன் படத்தைப் பார்த்துத்தான் நாங்கள் முதன்முதலில் காசு கொடுத்தோம். நகரம் உண்மையிலேயே அழகானது, மிகுந்த கவனத்தோடு செய்யப்பட்டது. ஆனால் அங்குள்ள மாடிவீடுகளின் வெளிச்சுவரை நாம் மாற்றிக் கட்ட முடியாது. திருவிழாவும் நம் வாசலுக்கு வராது, நாம்தான் நகரத்துக்குப் போக வேண்டும். வெள்ளவத்தை மாடிவீட்டில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு அது தன் வாழ்க்கையாகவே தோன்றக்கூடும். வளவும் முற்றமும் வைத்து விளையாட விரும்பிய எங்களுக்கு அது பொருந்தவில்லை. பொதி குறையுள்ளதன்று, எங்கள் தெரிவுதான் பிழை.

ஒரேயொரு பெரிய பொதிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் சீசன்ஸ் வாங்குங்கள். 2018 ஜூனில் வந்த இதில் புதிய ஊர் எதுவும் இல்லை என்று அப்போது குறைப்பட்டுக்கொண்டவர்கள் இருந்தார்கள். என் கணிப்பில் அதுவே அதன் பலம். ஏனென்றால் இது ஏற்கெனவே உள்ள எல்லா ஊர்களுக்கும் வானத்தைக் கொண்டுவருகிறது. மழை, வெயில், இடி, மின்னல், காற்று எல்லாம் வரும். வெளியில் நட்ட பயிர்களுக்கு மழை பெய்தால் அன்றைக்குத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. ஒவ்வொரு பயிருக்கும் அதற்கான பருவம் உண்டு. பருவம் தவறினால் அது காய்க்காமல் நிற்கும், கூரைக்குள் நட்டால் மட்டும் ஆண்டு முழுவதும் காய்க்கும். தோட்டத்தில் வெருளி ஒன்றும் நிறுத்தலாம். காலபோகம், சிறுபோகம் என்று மழையைக் கணக்குப் பார்த்து வாழும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை.

பருவங்கள் நான்கும் குளிர்நாட்டுக் கணக்கில் அமைந்தவை என்பது உண்மை. ஆனால் அதை எங்களுக்கு ஏற்றவாறு திருத்திக்கொள்ள முடியும். ஒரு பருவத்தின் நீளம் வழக்கமாக 7 நாட்கள். அதை 14 அல்லது 28 நாட்களாக நீட்டலாம். பனி விழுவதை அமைப்புகளில் முற்றாக நிறுத்தலாம். நாங்கள் பனியை நிறுத்திவிட்டு, மழையை மட்டும் வைத்துக்கொண்டு விளையாடுகிறோம். மின்னல் தாக்கி ஆள் இறப்பதும், வெயிலில் நெடுநேரம் நின்று இறப்பதும் இந்தப் பொதியில் உண்டு. ஐப்பசி மாதத்தில் வயலில் நின்றவர்களை மின்னல் அடித்த செய்திகளைக் கேட்டு வளர்ந்த பெறாமகள், திரையில் வானம் இருளத் தொடங்கியதும் தன் ஆட்கள் அனைவரையும் உள்ளே கூப்பிட்டுவிடுவாள். தோட்டத்தில் நின்ற கிழவரை மட்டும் ஒருநாள் மறந்துவிட்டாள். அன்று அவர் தப்பினார். ஆனால் அவள் அன்றிரவு என்னிடம் அதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தாள்.

சீசன்ஸ் பொதியின் நாட்காட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் நாமே ஒரு பண்டிகையை உருவாக்கலாம். பெயர் வைத்து, நாள் குறித்து, அன்று பள்ளிக்கும் வேலைக்கும் விடுமுறையா என்று தீர்மானித்து, அந்த நாளில் வீட்டார் செய்ய வேண்டிய மரபுகள் சிலவற்றைத் தெரிந்தெடுத்துச் சேர்க்கலாம். நாங்கள் தைப்பொங்கலை அப்படி உருவாக்கினோம். பெரிய விருந்து, நன்றி சொல்லுதல், வீட்டை அலங்கரித்தல் ஆகியவற்றைச் சேர்த்தோம். அந்த நாளில் விளையாட்டின் ஊரெங்கும் எல்லா வீட்டுக்கும் அது பண்டிகை. பானையும் முற்றத்து அடுப்பும் அங்கே இல்லைத்தான். என்றாலும், 'பொங்கல்' என்ற சொல்லைத் தமிழ் எழுத்திலேயே தட்டச்சுச் செய்து நாட்காட்டியில் வைக்க அவள் முயன்றபோது அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை. விளையாட்டின் பட்டியல்களும் விளக்கங்களும் தமிழில் கிடைப்பதில்லை. பாத்திரங்கள் பேசுவதும் சிம்லிஷ் என்ற, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு மொழி. எனவே சிறு பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் முதல் சில வாரங்கள் பக்கத்தில் இருந்து ஆங்கிலப் பட்டியல்களை வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டாவதாக நான் பரிந்துரைப்பது 2021 ஜூலையில் வந்த கொட்டேஜ் லிவிங். இதற்கு ஹென்ஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கிராமம் கூடவே வருகிறது. அந்தக் கிராமத்தில் சந்தையும் உண்டு, காய்கறியையும் கோழியையும் கொண்டுபோய்ப் போட்டிக்கு வைக்கும் விழாவும் உண்டு. ஆனால் மாட்டுக் கொட்டிலையும் கோழிக்கூட்டையும் எந்த ஊரிலும், ஏற்கெனவே உள்ள எந்த வீட்டு வளவிலும் வைக்கலாம் என்பதால் எங்கள் அளவுகோலில் இது முன்னுக்கு நிற்கிறது. கோழி முட்டையிடும், குஞ்சு பொரிக்கும். கூட்டுக்கு நரி வரும். பூசணி, வத்தகப்பழம், கத்தரி, கீரைவகை, காளான் ஆகியவற்றை மிகப் பெரிய அளவில் விளைவிக்கலாம். மாட்டைத் தினமும் கழுவி, கொட்டிலைத் துப்புரவாக்கி, தீன் போட்டு, தடவிக் கொடுத்தால்தான் அது இணங்கும்.

சிம்பிள் லிவிங் என்ற ஒரு சவாலும் இதில் இருக்கிறது. அதை ஒரு வளவுக்கு இட்டுவிட்டால், கையில் பொருள் இல்லாமல் அங்கே சமைக்க முடியாது. அடிப்படை விளையாட்டில் குளிர்ப்பெட்டியைத் திறந்தால் எதுவும் இல்லாமலேயே சாப்பாடு வந்துவிடும். இந்தச் சவாலை இட்ட பிறகு முட்டை வேண்டுமென்றால் கோழி வேண்டும், அல்லது வாங்கி வர வேண்டும். இந்த ஒரு மாற்றம் முழு விளையாட்டையும் எங்களுக்கு வேறாக்கியது. காலையில் எழும்பியதும் கூட்டைப் பார்ப்பது, பிறகு தோட்டத்தைப் பார்ப்பது, இருப்பதை வைத்து என்ன சமைக்கலாம் என்று யோசிப்பது என்ற ஒழுங்கு தானாக வந்துவிட்டது. பெறாமகள் அதுவரை பார்த்துக்கொண்டிருந்த எந்தச் சமையல் விளையாட்டும் அவளை இப்படி யோசிக்க வைக்கவில்லை.

அம்மா இந்தப் பொதியை வாங்கிய பின்னர்தான் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். போருக்கு முன்னர் எங்கள் வீட்டில் பட்டியாக மாடு நின்றது. முதல் நாள் திரையில் பால் கறக்கத் தொடங்கியதும் அவர் கேட்டது இதைத்தான்:

"கன்று எங்க பிள்ளை? கன்று ஊட்டாமல் மாடு எப்பிடிப் பால் சுரக்கும்?"

"இதில கன்று இல்லை அம்மம்மா. பெரிய மாடாத்தான் வாங்கலாம்."

"அப்ப அது பாவம். அதின்ரை பக்கத்தில கொஞ்ச நேரம் நில்."

அன்றிலிருந்து பால் கறந்து முடிந்ததும் பெறாமகள் தன் ஆளை மாட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்கிறாள். அம்மா கண்டது ஒரு மெய்யான குறை. கோழிக்குக் குஞ்சு உண்டு, மாட்டுக்குக் கன்று இல்லை. பால் மாட்டுக்கு எப்படி வருகிறது என்பதை அறிந்த வீட்டில் அது உடனே கண்ணில் படுகிறது. என்றாலும் இந்தப் பொதிக்குக் கொடுத்த காசைப் பற்றி ஒருநாளும் நாங்கள் வருந்தவில்லை.

மூன்றாவது இடத்தைப் பற்றி எனக்கும் மச்சாளுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. 2023 மார்ச்சில் வந்த குரோயிங் டுகெதர் என்ற பெரிய பொதியை அவர் முன்வைக்கிறார்; 2017இல் வந்த பேரன்ட்ஹுட் என்ற நடுத்தரப் பொதியை நான் முன்வைக்கிறேன். இரண்டும் குடும்ப உறவைப் பற்றியவை. குரோயிங் டுகெதரில் தாய்க்கும் மகளுக்கும், பேரனுக்கும் பாட்டிக்கும் இடையே உள்ள உறவு நெருக்கமானதா, கண்டிப்பானதா, விலகியதா என்று குறிக்கலாம். அதற்கேற்ப அவர்கள் ஒருவரோடொருவர் நடந்துகொள்வார்கள். குழந்தை முதலில் நடந்தது, முதலில் பேசியது முதலானவை வாழ்நாள் பதிவுகளாகச் சேரும். உறவினரைக் கூப்பிட்டுச் சில நாட்கள் வீட்டில் தங்கவைக்கலாம். எட்டுப் பேர் என்ற எல்லையால் கூட்டுக்குடும்பம் வைத்து விளையாட முடியாதவர்களுக்கு இந்த விருந்தினர் வசதி பெரிய ஆறுதல்; பெரியம்மா குடும்பத்தைப் பக்கத்துக் காணியில் குடியமர்த்தி, பண்டிகைக்கு வரவழைத்துத் தங்கவைக்கலாம்.

பேரன்ட்ஹுட் பொதியோ பிள்ளை வளர்ப்பின் அன்றாட வேலையைக் கொண்டுவருகிறது. பண்பு, பொறுப்பு, பிறர் துன்பம் உணர்தல், சச்சரவைத் தீர்த்தல், உணர்ச்சியை அடக்குதல் என்று ஐந்து குணங்கள் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஏறி இறங்கும். சாப்பாட்டு மேசையில் எப்படி நடந்தார்கள், வீட்டுப்பாடத்தை முடித்தார்களா, அடுத்தவரிடம் எப்படிக் கதைத்தார்கள் என்பவையெல்லாம் அதில் எழுதப்படும். வளர்ந்து பெரியவராகும்போது அந்தக் குணங்கள் நிலையாகப் படியும். பள்ளிக்கூடச் செயற்றிட்டத்தை வீட்டார் கூடியிருந்து செய்து முடிக்கலாம். விலையில் பாதி, பயனில் குறைவில்லை. காசு பார்த்து வாங்குபவருக்கு இதுதான் முதலில் பொருந்தும். குரோயிங் டுகெதரைப் பிறகு விலைக்கழிவில் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் அந்த வரிசையில்தான் வாங்கினோம்.

சிறிய பொதிகளில் 2018இல் வந்த லோன்ட்ரி டே ஒன்றைத்தான் நான் மனதாரச் சொல்வேன். தொட்டியில் கையால் துவைத்து, வெளியில் கட்டிய கொடியில் காயப்போடலாம். துவைக்காமல் விட்டால் அழுக்குத் துணி வீடெங்கும் குவியும். கிணற்றடியும் கொடியும் இல்லாத ஒரு வீட்டை வன்னியில் வளர்ந்த பிள்ளையால் கட்ட முடியாது. எங்கள் விளையாட்டில் கிணறு வெறும் அலங்காரமாகத்தான் அமைகிறது என்றாலும், கொடியாவது உண்மையாகப் பயன்படுகிறது. 9.99 டொலருக்குள் அன்றாட வாழ்க்கைக்குள் இவ்வளவு ஆழமாக நுழையும் வேறொரு பொதியை நான் பார்க்கவில்லை. கிட் எனப்படும் மிகச் சிறிய பொதிகளை வாங்க வேண்டாம். பெரும்பாலானவை பத்திருபது பொருட்களோடு முடிந்துவிடும்.

2024 ஒக்டோபரில் வந்த லைஃப் அன்ட் டெத் பொதியைப் பற்றி எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. இறந்தவருக்கு நாமே ஒழுங்கு செய்து செத்தவீடு நடத்துவதும், மரணசாசனம் எழுதி வைப்பதும், பரம்பரைப் பொருளைக் கையளிப்பதும், துக்கம் ஒவ்வொருவரையும் வெவ்வேறு விதமாகப் பிடிப்பதும் இதில் இருக்கின்றன. அதுவரை இந்த விளையாட்டில் சாவு சில நிமிடக் காட்சியாகக் கடந்துவிடும். இந்தப் பொதி அதற்கு உரிய மரியாதையைக் கொடுக்கிறது. வடிவமைப்பில் நான் கண்ட மிகச் சிறந்த பொதிகளில் இதுவும் ஒன்று. ஆயினும் எங்கள் ஊரில் செத்தவீடும் எட்டும் அந்தியேட்டியும் செய்ய முடியாமற்போன குடும்பங்கள் பல. அம்மா இதைப் பார்க்க விரும்பவில்லை; நாங்கள் வற்புறுத்தவும் இல்லை. அவர் உறங்கப் போன பின்னரே அந்தக் குடும்பத்தை நான் திறக்கிறேன். வீட்டில் யார் பக்கத்தில் இருந்து பார்க்கிறார்கள் என்பதை யோசித்து வாங்க வேண்டிய பொதி இது.

தொழில் செய்து விளையாட விரும்புபவர்கள் பழைய கெட் டு வேர்க் பொதியைத் தேடிப் போகிறார்கள். 2015இல் வந்த அதில் வைத்தியராக, துப்பறிவாளராக, விஞ்ஞானியாக வேலைக்குக் கூடவே போகலாம், கடையும் போடலாம். கூடவே போகும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் நம் கண்ணுக்கு அப்பால் போய்விடுகிறார்கள். கடை போடுவதுதான் விருப்பம் என்றால் 2025 மார்ச்சில் வந்த பிசினஸஸ் அன்ட் ஹொபீஸ் அதைவிடப் பொருத்தமானது. வீட்டிலேயே சிறு தொழில் தொடங்கலாம், வருபவரிடம் கட்டணம் வாங்கலாம், மண்பாண்டம் வனையலாம். முன்விறாந்தையில் தையல் மெசினோ பலசரக்குத் தட்டோ வைத்துப் பிழைக்கும் வீடுகள் நிறைந்த ஊரில், வளவுக்குள் வரும் தொழில் எது என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

2023 டிசம்பரில் வந்த ஃபோர் ரென்ட் பொதியை அறிவியல்நகர்ப் பல்கலைக்கழகப் பீடங்களுக்கு அருகில் வாடகை அறை விடும் வீட்டுக்காரர் பிள்ளைகள் உடனே விளங்கிக்கொள்வார்கள். ஒரு காணியில் ஆறு குடித்தனம் வரை வைத்து வாடகை வாங்கலாம். தென்கிழக்காசியச் சாயலில் அமைந்த தொமராங் என்ற அதன் ஊரும், இரவுச் சந்தையும் கண்ணுக்கு மிகவும் இதமானவை. வெளிவந்த புதிதில், சேமித்த விளையாட்டுகள் பழுதாவதாகப் பல நாடுகளிலும் விளையாடுபவர்கள் முறையிட்டதும், அதற்குத் திருத்தங்கள் வெளியிடப்பட்டதும் பரவலாகப் பேசப்பட்டவை. எனவே வாங்குபவர்கள் முதலில் தங்கள் சேமிப்பைப் படியெடுத்து வைப்பது நல்லது. எந்தப் பொதிக்கும் அதுவே நல்ல பழக்கம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கட்ஸ் அன்ட் டோக்ஸ் பொதியில் நாயையும் பூனையையும் நாம் நேரடியாக இயக்க முடியாது. எட்டுப் பேர் கணக்கிலும் அவை சேரும். அதை அறிந்து வாங்கினால் ஏமாற்றமில்லை. டிஸ்கவர் யுனிவர்சிட்டி, பட்டம் முடிக்கும்வரை மட்டுமே பயன்படும். ஈகோ லைஃப்ஸ்டைல் சூரியத் தகடும் காற்றாடியும் தந்து மின்கட்டணத்தைக் குறைக்கிறது. எங்கள் வீட்டில் அடுத்த நிரையில் நிற்கிறது. ஐலன்ட் லிவிங்கின் கடல் பேரழகு, ஆனால் கடலோடு சேர்ந்து அங்கேயே குடியிருக்க வேண்டும். வம்பயர்ஸ், ரெல்ம் ஒஃப் மஜிக் போன்ற மாயப் பொதிகளை விரும்பும் பிள்ளைகளுக்கு அவை நல்லவை. நான் அவற்றைத் தீர்ப்பிட ஏற்ற ஆள் இல்லை.

வாங்கும் வழியில் கவனம் தேவை. எங்கள் உறவுக்காரப் பெடியன் ஒருவன் சமூக ஊடகத்தில் கண்ட ஓர் ஆளிடம், எல்லாப் பொதிகளும் அடங்கிய கணக்கு என்று சொன்னதை நம்பிக் காசு அனுப்பினான். இரண்டு கிழமைகளில் கடவுச்சொல் மாற்றப்பட்டுவிட்டது. காசும் போயிற்று, அவன் கட்டிய வீடுகளும் போயின. பொதி எந்தக் கணக்கில் வாங்கப்படுகிறதோ அந்தக் கணக்குக்கே உரியது. ஆகவே கனடாவிலோ சுவிஸிலோ உள்ள மாமா தன் கணக்கில் வாங்கினால் அது அவருக்கே பயன்படும். பிளேஸ்டேஷனில் வாங்கிய பொதி கணினிக்கு வராது என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவை வங்கியிடம் கேட்டுத் திறந்துகொண்ட பின்னர் எங்களுக்குத் தடையேதும் இருக்கவில்லை.

முழு விலை கொடுக்கவே வேண்டாம். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் கோடை, இலையுதிர், குளிர்காலக் கழிவு விற்பனைகள் ஆண்டுதோறும் வருகின்றன. பழைய பொதிகள் அப்போது பாதி விலைக்கும் கீழே இறங்குவதுண்டு. சீசன்ஸ், பேரன்ட்ஹுட், லோன்ட்ரி டே மூன்றும் பழையவை என்பது எங்களைப் போன்றவர்களுக்கு நல்ல செய்தி. ஸ்டீமில் வாங்கிய பொதி பிடிக்காவிட்டால், வாங்கி 14 நாட்களுக்குள், வாங்கிய பின்னர் விளையாட்டை இரண்டு மணிநேரத்துக்கு மேல் விளையாடாதிருந்தால், காசைத் திரும்பக் கேட்கலாம். எனவே வாங்கியவுடன் வீடு கட்டுவதில் நேரத்தைப் போக்காமல், புதிய அம்சத்தை முதலில் தொட்டுப் பாருங்கள்.

அடிப்படை விளையாட்டே 25 ஜிபி அளவில் இடம் கேட்கும்; ஒவ்வொரு பெரிய பொதியும் அதற்கு மேல் ஏறும். நாங்கள் இரவுநேர டேட்டாவில், எல்லோரும் படுத்த பின்னர் இறக்குகிறோம். எங்கள் 8 ஜிபி நினைவகக் கணினியில் ஏழு பொதிகளோடு விளையாட்டுத் திறக்க எடுக்கும் நேரம் முன்னைவிட வெளிப்படையாகவே கூடியிருக்கிறது. அதுவும் தேவையற்றதை வாங்காமல் விடுவதற்கு ஒரு காரணம். மின்தடையும் பழுதடைந்த பற்றரியும் சேர்ந்து ஒருநாள் இரவு முழுவதும் கட்டிய வீட்டை எங்களிடமிருந்து கொண்டுபோயின. இப்போது ஒவ்வோர் அறை முடிந்ததும் சேமிக்கிறோம். கிழமைக்கு ஒருதடவை, டொக்கியுமென்ட்ஸ் கோப்புறைக்குள் உள்ள சேவ்ஸ் கோப்புறையைப் பென் டிரைவில் படியெடுத்து அலுமாரியில் வைக்கிறோம்.

டிசம்பர் கழிவு விற்பனைக்கு இப்போதே சீட்டுக் காசில் கொஞ்சம் ஒதுக்கியிருக்கிறேன். ஈகோ லைஃப்ஸ்டைல் எடுப்பதா, சிறிய ஆடுகளும் செம்மறிகளும் கிடைக்கும் ஹோர்ஸ் ரான்ச் எடுப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆடுகளுக்காக 39.99 டொலர்ப் பொதி ஒன்றையும், எங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லாத குதிரைகளையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கிறது என்று நான் பெறாமகளுக்குச் சொன்னேன். அவள் நியூகிரெஸ்ட் வளவின் பின்பக்கத்தில், மாட்டுக் கொட்டிலுக்கும் கொடிக்கும் இடையில், ஆட்டுக்கு என்று வேலியடைத்து இடம் விட்டு வைத்திருக்கிறாள்.